பள்ளிக்கூட கேட்டில் கட்டிய பேனர்

திருமழிசையில் எந்தப் பெண் எப்போது வயசுக்கு வந்தாள் என்பது, பெற்றவளுக்கும் தாய்மாமனுக்கும் அடுத்தபடியாக அகல்யாவுக்குத்தான் தெரியும். அவள் ஒன்றும் ஜோசியக்காரி இல்லை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் டில்லிபாபு நடத்துகிற ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். மஞ்சள் நீராட்டு விழா பேனர் என்றால் சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேரும் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

அதில் அவள் கை அப்படி. பெண்ணை அன்னப்பறவை மேல் உட்கார வைப்பாள், பின்னால் ஓர் அருவியை ஓட விடுவாள், கன்னத்துப் பருக்களை ஒன்று விடாமல் அழித்துவிடுவாள். அதெல்லாம் சின்ன வேலை. கீழே வரிசையாக ஒட்ட வேண்டிய உறவுக்காரர்களின் தலைகள்தான் பெரிய வேலை. தாய்மாமன் தலையைவிடச் சித்தப்பா தலை ஒரு அங்குலம் பெரிசாகிவிட்டால் பந்தியில் இலை பறக்கும். அகல்யா ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டுவாள். அவள் போட்ட பேனரால் இதுவரை ஒரு விழாவிலும் கைகலப்பு நடந்ததில்லை என்று டில்லிபாபு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இவ்வளவு செய்கிறவள், அந்த விஷயத்தைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. முப்பத்துநாலு வயசாகிறது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பத்து வயசும் ஆகிவிட்டது. இன்றைக்கும் மெடிக்கல் ஷாப்பில் கையைக் காட்டித்தான் நாப்கின் வாங்குவாள்.

காரணம் இருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயசில், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்தது. அது என்னவென்று அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்தவளுக்கும் தெரியாது. பாவாடையைப் பார்த்து ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பதினாறு நாள் வீட்டு மூலையில் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அப்போது ஃப்ளெக்ஸ் என்பது ஊருக்குப் புதுசு. மாமன் ஆசை ஆசையாகப் பத்தடி நீளத்துக்கு ஒன்று அடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, பாசம்தான். அவள் திரும்பப் பள்ளிக்குப் போன அன்று, பேனரில் இருந்த வாசகத்தைப் பையன்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஏழாம் வகுப்பு முடிகிற வரை தாக்குப்பிடித்தாள். பிறகு போகவில்லை. கம்பெனியில் பேக்கிங் வேலை, அப்புறம் கம்ப்யூட்டரில் டிடிபி கிளாஸ், அப்புறம் இந்தக் கடை. தன்னைப் படிப்பிலிருந்து விரட்டிய பேனரையே அடித்துச் சோறு தின்கிறோமே என்று அவளுக்குச் சில நாள் தோன்றும். தோன்றினால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவாள்.

அவள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியானது தனிக் கூத்து. மகள் நிஷா படிக்கிற தொடக்கப்பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். படிக்கிற பிள்ளையின் அம்மா ஒருத்திதான் தலைவியாக இருக்கணும் என்பது விதி. வந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அகல்யா மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்து பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், கைதட்டிவிட்டார்கள். இருபத்துநாலு பேர் கொண்ட குழு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடி, தண்ணீர் டேங்க் கழுவியாயிற்றா, மதிலில் ஓட்டை அடைத்தாயிற்றா என்று பேசிவிட்டு, மிக்சர் தின்று கலைவார்கள். அப்படியே போயிருக்கும், மைதிலி டீச்சர் வராமல் இருந்திருந்தால்.

மைதிலிக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அயனம்பாக்கத்தில் ஏரிக்கரை ஓரம் ஒரு ஃப்ளாட்டில் குடியிருந்துகொண்டு பஸ் மாறி மாறி வருகிறவர். ஐந்தாம் வகுப்புக்கும் அவர்தான், தலைமை ஆசிரியரும் அவர்தான். வந்த மூன்றாம் மாதமே வாரத்துக்கு ஒரு மணி நேரம் புதுப் பாடம் ஆரம்பித்தார். உடம்பில் ஒவ்வொன்றுக்கும் சரியான பேர் என்ன, யார் எங்கே தொடலாம், தொடக் கூடாத இடத்தில் யாராவது தொட்டால் எப்படிக் கத்துவது, யாரிடம் சொல்வது, நண்பன் ஒரு விளையாட்டு வேண்டாம் என்றால் ஏன் விடவேண்டும், இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பு எப்படி மாறும், மாதவிடாய் என்றால் என்ன. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பையன்களுக்கும் சேர்த்தே. மேஜைமேல் ஒரு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டுக் கேள்விப் பெட்டி என்று வைத்தார். பேர் எழுதாமல் எதை வேண்டுமானாலும் கேட்டுச் சீட்டுப் போடலாம்.

அகல்யாவுக்கு இது தெரியவந்தது ஒரு கையால். நிஷா நோட்டில் தன் இடது கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, ஐந்து விரலிலும் ஐந்து பேர் எழுதியிருந்தாள். 'எனக்கு ஏதாவது ஆனால் நான் பயப்படாமல் சொல்லக்கூடிய ஐந்து பேர்' என்று மேலே தலைப்பு. கட்டைவிரலில் மைதிலி டீச்சர். ஆள்காட்டி விரலில் அப்பா. நடுவிரலில் 1098, குழந்தைகள் உதவி எண். மோதிர விரலில் தோழி ஹரிணி. சுண்டுவிரலில் டைகர். டைகர் என்பது டில்லிபாபு கடை வாசலில் படுத்துக் கிடக்கிற நாய்.

"ஏன்டி, நாய்கூட கீது. நான் இல்லியா?"

நிஷா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "டைகர் ச்சீன்னு சொல்லாதும்மா," என்றாள்.

அகல்யாவுக்குச் சுருக்கென்று இருந்தது. போன மாதம் டிவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இவள் என்னவோ கேட்டதும், தான் ச்சீ வாய மூடு என்றதும் நினைவுக்கு வந்தது. அதற்குமுன் எத்தனை தடவை சொன்னாளோ. நாயைவிட நம்பிக்கையில்லாதவளாகவா போய்விட்டோம்?

மறுவாரம் டேங்க் பார்க்கிற சாக்கில் பள்ளிக்குப் போய், வராந்தாவில் நின்று அந்தப் பாடத்தைக் கேட்டாள். ஒரு பையன் சீட்டில் கேட்டிருந்தான், பொம்பளைங்களுக்கு மட்டும் ஏன் ரத்தம் வருது, அடிபட்டுச்சா என்று. டீச்சர் கரும்பலகையில் படம் போட்டு, ரயில் எப்படிப் போகிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைகளும் அப்படியே கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அகல்யா வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பாடத்தை இப்படியே காப்பாற்றணும் என்று அப்போதே மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். அதற்கு இவ்வளவு சீக்கிரம் வேலை வரும் என்று அவள் நினைக்கவில்லை.

ஹரிணியின் அப்பா தங்கவேல், வேன்கள் விடுகிறவர், வார்டில் நாலு பேருக்குத் தெரிந்தவர். அவருடைய பெரிய மகள் கவிப்பிரியா வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவள் வயசுக்கு வந்துவிட்டாள் என்று சடங்கு பேச மச்சினர்கள் ஐந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "கவி எங்க காணோம்?" என்று பெரிய மச்சினர் கேட்க, "வவுத்து வலி, படுத்துக்கீறா," என்று அம்மா சித்ரா சொன்னாள். உடனே ஹரிணி, டீச்சர் கேள்விக்குப் பதில் சொல்வது போல எழுந்து நின்று, "வவுத்து வலி இல்ல மாமா, மாதவிடாய்," என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

ஐந்து மாமன்களும் காப்பியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். தங்கவேலுக்கு மானமே போய்விட்டது. அந்த வார்த்தையைத்தான் கொண்டாட அவர்கள் வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை அவர் கடைக்கு வந்தார், இரண்டு வேலையோடு. ஒன்று, கவிப்பிரியாவின் விழாவுக்கு இருபதடி பேனர். முப்பத்தெட்டு ஆண்களின் தலைகள். இரண்டாவது, ஒரு மனு.

"நான் சொல்லச் சொல்ல அடிம்மா," என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "பச்சப் புள்ளைங்களுக்கு ஆபாசமான சொற்களைக் கற்பிக்கும் ஆசிரியை மைதிலி அவர்களை உடனே மாற்ற வேண்டும். மேற்படி பாடத்தை நிறுத்த வேண்டும். அடிச்சிட்டியா? கீழ கையெழுத்துப் போட நாப்பது பேரு ரெடியா கீறாங்கோ. தலைவி நீ ஒருத்தி போட்டேன்னா அப்டியே மேல அனுப்பிடலாம்."

அகல்யாவின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. டில்லிபாபு கண்ணைக் காட்டினார், நமக்கின்னா, அடிச்சிக் குடு என்பது போல. அடித்துக் கொடுத்தாள். ஒரே திரையில் இந்தப் பக்கம் அன்னப்பறவையில் கவிப்பிரியா, அந்தப் பக்கம் ஆபாசமான சொற்கள்.

"கையெழுத்து மட்டும் வெள்ளிக்கிழமை கூட்டத்துல பாத்துக்கலாம் அண்ணே," என்றாள்.

"கூட்டத்துல வச்சேன்னா இன்னும் நல்லது. எல்லாம் நம்ம ஆளுங்கதான்," என்று சிரித்துக்கொண்டே போனார்.

வியாழக்கிழமை காலையில் அவருடைய ஆட்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பேனர் கட்ட ஒரு பக்கம் கரண்ட் கம்பம் கிடைத்தது. மறுபக்கத்துக்கு எது வாகாக இருக்கிறது என்று பார்த்து, பள்ளிக்கூட கேட்டிலேயே கட்டிவிட்டார்கள். எழுத்துக்கூட்டப் பழகின பிள்ளைகள் சும்மா விடுமா? ஒண்ணாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எல்லாம் கேட்டுக்கு அடியில் நின்று விரல் வைத்து, பூ, ப், பு, னி, த என்று கூட்டி, நீராட்டு விழா என்று கோரஸாக முடித்தன. முடித்துவிட்டு, அப்படின்னா இன்னா என்று வாட்ச்மேனைக் கேட்டன. வாட்ச்மேன் பாவம், மணி அடிக்கப் போகிறேன் என்று ஓடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். மிக்சர் தட்டை யாரும் தொடவில்லை. மைதிலி டீச்சர் ஓரமாக உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தங்கவேல் மனுவை மேஜைமேல் வைத்து, பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

அகல்யா எழுந்தாள். காலையிலிருந்து பேசிப் பார்த்த பேச்செல்லாம் மறந்துபோய், வேறு ஒன்றுதான் வந்தது.

"எனக்குப் பன்னண்டு வயசுல வந்துச்சு," என்றாள். "கிளாஸ்ல. செத்துப் பூடுவேன்னு நெனச்சேன். எல்லாரும் சிரிச்சாங்கோ. யாராவது ஒருத்தரு முன்னாடியே சொல்லிருந்தா நான் பயந்துருக்க மாட்டேன். பசங்களுக்குச் சொல்லிருந்தா அவனுங்க சிரிச்சிருக்க மாட்டானுங்க. நான் படிச்சிருப்பேன்."

"ஏம்மா, ஆம்பளைங்க உக்காந்துகினு கீறோம். இன்னா பேச்சு இது?" தங்கவேல் அதட்டினார்.

அகல்யா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். பேனரின் முதுகு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"அந்த பேனர்ல எத்தினி ஆம்பளைங்க கீறாங்கன்னு தெரியுமா அண்ணே? முப்பத்தெட்டு. நான்தான் ஒட்னேன். இந்த முப்பத்தெட்டு பேருக்கும் தெரியலாம். ரோட்டுல போற லாரிக்காரனுக்கும் தெரியலாம். சம்பந்தப்பட்ட பொண்ணுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சா ஆபாசமா?"

கொல்லென்று யாரோ சிரித்து, தங்கவேல் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "அது சடங்கு. நம்ம முறை. இது அசிங்கம். ரெண்டையும் ஒண்ணாச் சேக்காத."

அப்போதுதான் பின்பெஞ்சில் சித்ரா எழுந்தாள். கூட்டத்துக்கு வந்தால் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போகிறவள். அன்றைக்கு ஏனோ தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம கவிக்கு வந்தது நமக்கு எப்டித் தெரிஞ்சுதுன்னு கேட்டியாய்யா நீ?"

"நீதானே சொன்னே."

"எனக்கு யாரு சொன்னா? ரெண்டு நாளு அது யாராண்டயும் சொல்லல. துணிய ஒளிச்சி வச்சிகினு, சோறு துன்னாம, வவுத்துல புண்ணு வந்துச்சு, செத்துப் பூடுவேன்னு பாத்ரூம்ல உக்காந்து அழுதுகினு இருந்துச்சு. சின்னதுதான் பாத்துச்சு. அக்கா இது நோவு இல்லக்கா, எங்க டீச்சர் சொல்லிக்கீறாங்க, எல்லாருக்கும் வரும், வா அம்மாண்ட போலாம்னு கையப் புடிச்சி இட்டாந்துச்சு. பத்து வயசுப் புள்ள." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முடித்தாள். "இந்தப் பாடம் இல்லேன்னா உன் பேனரே இல்லய்யா. என் பொண்ணு இன்னும் அந்த பாத்ரூம்லயே உக்காந்துகினு இருந்திருக்கும்."

தங்கவேல் மனைவியையே பார்த்தார். "ஏன் என்னாண்ட சொல்லல?" என்றார், குரல் இறங்கி.

"உன்னாண்ட சொல்ற மாதிரியா நீ வச்சிகினு கீறே?"

தங்கவேல் நல்ல மனுஷன்தான், பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் வேனை நிறுத்திவிட்டு ஓடிவருகிறவர். அந்தப் பெண் தன் வீட்டு பாத்ரூமில் இரண்டு நாள் அழுதிருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்பது அவரை அடித்துப் போட்டுவிட்டது.

அகல்யா தீர்மான நோட்டைப் பிரித்தாள். தலைவிதான் படிக்கணும். "உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள், பாதுகாப்பான தொடுதல், நட்பும் மரியாதையும், பருவ மாற்றங்கள், மாதவிடாய் ஆகியவை பற்றிய பாடம் இப்பள்ளியில் ஆண், பெண் இரு பாலருக்கும் தொடர்ந்து நடத்தப்பட வேண்டும் என்று இக்குழு தீர்மானிக்கிறது." ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாத மாதவிடாய் என்ற வார்த்தை, அவள் வாயிலிருந்து வந்தபோது கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. "ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க."

முதல் கை சித்ராவுடையது. பிறகு மளமளவென்று. அகல்யா தன் கையையும் சேர்த்து எண்ணினாள், பதினைந்து. மீதி நாலு பேரில் ஒருவர் தங்கவேல், இரண்டு பேர் அவருடைய கூட்டாளிகள், நாலாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். மைதிலி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிக்சர் எடுத்துக்கோங்க, நமத்துப் போயிரும்," என்றார்.

தங்கவேல் மனுவை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனுஷன் ஸ்டூல் போட்டு ஏறி, கேட்டிலிருந்து பேனர் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார். விழா நடக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜாம்ஜாமென்று நடந்தது, பேனரும் மண்டப வாசலில் நின்றது. ஆனால் மேடையில் கவிப்பிரியா கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றது ஹரிணி. அவளை உட்காரச் சொல்ல தங்கவேலுக்கு வாய் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அகல்யா மட்டும் அறையில் இருந்தாள். மேஜைமேல் ஷூ டப்பா. பக்கத்தில் அந்த மனு. அதன் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருந்தது, ஒரு துண்டு கிழித்து என்னவோ எழுதி, மடித்து, ஓட்டையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். போனதும் நிஷாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு டிவி பார்த்து என்னடி கேட்டே, இப்போ கேளு என்றாள். நிஷா கேட்டாள். அகல்யா தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். நோட்டில் டைகரிடம் இருந்த சுண்டுவிரல் அம்மாவுக்கு வந்தது.

அடுத்த வாரம் பாடவேளையில் அவள் வராந்தாவில் வந்து நின்றாள். டீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாமே கம்ப்யூட்டரில் அடிக்கிறவளுக்குக் கையெழுத்து ஏழாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. குண்டு குண்டாக, கோணலாக. யாரோ பிள்ளை எழுதியது என்றுதான் டீச்சரும் நினைத்தார்.

"அது வந்த அன்னைக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க," என்று சீட்டைப் படித்தார். "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

படித்துவிட்டு அவர் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். "இதுக்கு நான் பதில் சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."

"ஒரு தப்பும் செய்யல!"

முப்பத்தோரு பிள்ளைகள். பையன்கள் குரல்தான் பெரிசாகக் கேட்டது. கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தன் மட்டும் எழுந்து நின்று, "சிரிச்சவங்கதான் டீச்சர் தப்பு," என்று தனியாகவும் சொன்னான்.

அகல்யா தூணில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதாள். பிறகு வாட்ச்மேன் கொடுத்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். கடையில் நாலு பேனர் காத்திருந்தது.